நெல்லுக் கதிர் மாதிரி ஒரு முத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரில், துவாஸில் ஒரு பேக்கிங் யார்டில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கப்பலில் வெளிநாடு போகும் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி அடிப்பதும், சரக்கைத் தூக்கி வைக்கும் மரத்தட்டான பேலட் கட்டுவதும் எங்கள் வேலை. 1996ல் சுங்கை காடுட்டில் ஒரு மரப்பட்டறையில் சேர்ந்தேன். அன்றிலிருந்து மரத்தூள் வாசம் இல்லாமல் நான் வீடு திரும்பிய நாள் குறைவு. உங்கள் நாளிதழை எத்தனையோ வருடமாகப் படிக்கிறேன், கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன மாதம் ஒரு பையன் என்னிடம் கேட்ட கேள்விதான் எழுத வைத்தது.

திருவாரூர்ப் பக்கத்துப் பையன். வயது இருபத்து மூன்று. இங்கே வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து பேலட் அடுக்கின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அவன் பக்கத்திலிருந்த பலகையை விரலால் தடவிக்கொண்டே கேட்டான்: "அண்ணே, எல்லாத்துலயும் நெல்லுக் கதிர் மாதிரி ஒண்ணு போட்டிருக்கே, இது நம்ம கம்பெனி மார்க்கா?"

மூன்று வாரமாக அவன் அந்த முத்திரை உள்ள பேலட்டுகளைத்தான் தூக்குகிறான், இறக்குகிறான், ஆணி அடிக்கிறான். வேலைக்குச் சேர்ந்த அன்று பாதுகாப்புக் காலணி கொடுத்தார்கள், தலைக்கவசம் கொடுத்தார்கள், ஆணி அடிக்கும் நெயில் கன்னை எப்படிப் பிடிப்பது என்று நானே காட்டினேன். ஆனால் அந்தக் கதிர் என்ன என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்துவிட்டு, சொல்ல வேண்டிய முதல் விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறேனே என்று அன்று முழுக்க மனசு கேட்கவில்லை.

அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். அவனைப் போல இன்னும் ஆயிரக்கணக்கான பேர் ஜூரோங்கிலும் துவாஸிலும் கிராஞ்சியிலும் இதே மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அது நெல்லுக் கதிர் இல்லை, கோதுமைக் கதிர். பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை என்று ஒன்று 1951ல் ஏற்பட்டது. அதன் அலுவலகம் ரோமில், ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பின் கீழ் இருக்கிறது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. அவர்கள் 2002ல் கொண்டுவந்த விதிதான் ஐஎஸ்பிஎம் 15. யார்டில் எல்லோரும் "இஸ்பம்" என்று சுருக்கிச் சொல்வோம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் மரப்பெட்டி, பேலட், கன்டெய்னருக்குள் பொருள் ஆடாமலிருக்க வைக்கும் முட்டுக்கட்டை எல்லாவற்றிலும் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தி, அதற்கு அடையாளமாக இந்த முத்திரை குத்த வேண்டும் என்பது விதி. கட்டத்துக்குள் இடது பக்கம் கதிர். வலது பக்கம் நாட்டின் இரண்டு எழுத்து, நமக்கு எஸ்ஜி. அதற்குப் பக்கத்தில் பெட்டி செய்தவரின் எண். அப்புறம் எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதற்கு எழுத்து: சூடேற்றினால் ஹெச்டி, மீதைல் புரோமைடு வாயு விட்டால் எம்பி. மைக்ரோவேவ் போன்ற அலைகளால் சூடேற்றினால் டிஹெச், சல்ஃப்யூரில் ஃபுளோரைடு விட்டால் எஸ்எஃப். கடைசி இரண்டையும் எங்கள் யார்டில் நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஒரு பூச்சிக்கு இவ்வளவு ஏற்பாடாண்ணே?" என்றான் பையன்.

அவனுக்கு என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். பட்டுக்கோட்டைப் பக்கம் அவர் தச்சர். மூங்கிலோ புதுசாக வெட்டிய மரமோ வந்தால் உடனே உளி வைக்க மாட்டார். கொண்டுபோய்க் குளத்தில் போட்டு, மேலே கல்லேற்றி வைப்பார். மாசக்கணக்கில் ஊறும். வெளியே எடுக்கும்போது அந்த நாற்றம் தாங்க முடியாது, நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். "இப்ப நாறட்டும், அப்புறம் உளுக்காது" என்பார். மரத்திலிருக்கும் மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து போய்விட்டால் உளு வண்டுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. அவர் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அவருடைய அப்பா செய்ததைப் பார்த்துச் செய்தார். உளுத்துப் போன கட்டிலை வாங்கியவர் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார், அதுதான் அவருக்குப் பயம். இன்றைக்கு ரோமிலிருந்து வருகிற விதியும் அதே கவலைதான். அங்கே ஊருக்குப் பதில் ஒரு நாட்டின் காடு.

நான் சுங்கை காடுட்டில் சேர்ந்த அதே 1996ல், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தெருவோர மரங்களில் பென்சில் நுழையும் அளவுக்கு வட்ட வட்டமாக ஓட்டைகளைப் பார்த்தார்கள். ஆசிய நீள்கொம்பு வண்டு. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, உடம்பைவிட நீளமான மீசை. சீனாவிலிருந்து சரக்கோடு வந்த மரப்பெட்டிகளுக்குள் புழுவாக இருந்து, அங்கே போய் வண்டாக வெளியே வந்திருக்கிறது. புழு மரத்தின் உள்ளேயே தின்றுகொண்டு கிடப்பதால் வெளியே மருந்து தெளித்துப் பிரயோசனமில்லை. மரத்தையே வெட்டி, சில்லாக அரைக்க வேண்டியதுதான். 1998ல் சிகாகோவிலும் அதே வண்டு. அந்த வருட டிசம்பரில், சீனாவிலிருந்து வரும் பெட்டி மரம் பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்கா கட்டாயமாக்கியது. 2002ல் ஐஎஸ்பிஎம் 15 வந்த அதே வருடம் டெட்ராய்ட் பக்கத்தில் இன்னொரு வண்டைக் கண்டுபிடித்தார்கள், பச்சை மரகத நிறம், அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. அதுவும் ஆசியாவிலிருந்து போனது. அது தின்று பட்டுப்போன ஆஷ் மரங்கள் கோடிக்கணக்கில். ஜப்பானிலும், 1999க்குப் பிறகு போர்ச்சுகலிலும் பைன் மரங்களைக் காயவைத்தது கண்ணுக்கே தெரியாத ஒரு நூல்புழு. அது வட அமெரிக்காவைச் சேர்ந்தது, மரத்துக்கு மரம் வண்டின் உடம்பில் சவாரி செய்யும்.

இதெல்லாம் குளிர் நாட்டுக் கதை, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். என்னோடு சுங்கை காடுட்டில் வேலை பார்த்த ஒரு பெரியவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், 1980களில் சாலையோர அங்சானா மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாடியதைக் கண்ணால் பார்த்தவர். இலை மஞ்சளாகும், கொட்டும், கொஞ்ச நாளில் மரம் மொட்டையாக நிற்கும், லாரி வந்து வெட்டி எடுத்துப் போகும் என்று சொல்வார். அது ஒரு பூஞ்சை நோய். மரத்தைத் துளைக்கும் ஒரு சின்ன வண்டுக்கும் அதற்கும் தொடர்பு இருந்ததாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்த வண்டின் பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கா. இன்றைக்கும் அங்சானா பூக்கும் நாளில் பேருந்து நிறுத்தம் முழுக்க மஞ்சள் பூ உதிர்ந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகம்தான் வரும். பத்து லட்சம் மரம் நடுவோம் என்று 2020ல் ஆரம்பித்த ஊர் இது. நட்ட மரம் நிற்க வேண்டுமானால், உலகின் நான்கு மூலையிலிருந்தும் துறைமுகத்துக்கு வந்து போகும் மரத்தையும் யோசிக்க வேண்டும்.

சரி, பதப்படுத்துவது என்றால் என்ன நடக்கிறது? எங்கள் பக்கம் சூடேற்றும் அறைதான். ஒரு கன்டெய்னரைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பேலட்டுகளை இடைவெளி விட்டு அடுக்குவோம், நெருக்கி அடுக்கினால் நடுவில் காற்று போகாது. அப்புறம் இருப்பதிலேயே தடித்த கட்டை எது, இருப்பதிலேயே சூடு சேராத மூலை எது என்று பார்த்து, அந்தக் கட்டையின் நடுவரைக்கும் துளை போட்டு, சென்சார் கம்பியைச் செருகி, துளையின் வாயைப் பூசி அடைத்துவிடுவோம். அடைக்காவிட்டால் அறையின் சூட்டுக் காற்று உள்ளே போய், கட்டை சூடாகிவிட்டது என்று கருவி பொய் சொல்லும். கதவைச் சாத்தி சூடேற்றினால் அறையின் காற்று சீக்கிரமே எழுபது டிகிரியைத் தாண்டும். கட்டையின் வயிறு மட்டும் மெதுவாகத்தான் ஏறும். மழைக்காலத்தில் ஈர மரம் வந்தால் கேட்கவே வேண்டாம், 54, 54.5 என்று அங்கேயே நின்று அடம் பிடிக்கும். எல்லாக் கம்பியும் 56 டிகிரியைத் தொட்ட பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அங்கிருந்து விடாமல் 30 நிமிடம். நடுவில் ஒரு கம்பி 55.9க்கு இறங்கினாலும் ஓடிய நிமிடம் கணக்கில் வராது, மறுபடியும் முதலிலிருந்து.

ஏன் 56? பைன் மரத்து நூல்புழு எந்தச் சூட்டில் சாகும் என்று ஆராய்ந்ததிலிருந்து வந்த எண் அது. ஒருநாள் இரவு 26 நிமிடத்தில் கரண்ட் போய்விட்டது. கூட இருந்தவர் "நாலு நிமிஷம்தானே, விடுங்கண்ணே" என்றார். விடவில்லை. விடியற்காலை மூன்று மணி வரைக்கும் காத்திருந்து திரும்பவும் ஓட்டினோம். யாரும் பார்க்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த முத்திரையை வாங்கிப் பார்க்கிறவர் எங்கேயோ ஒரு துறைமுகத்தில் அதை நம்பித்தான் கதவைத் திறக்கிறார்.

வாயு முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தார்ப்பாய் போர்த்தி, ஓரம் முழுக்க மணல் பை வைத்து அழுத்தி, மீதைல் புரோமைடை உள்ளே விட்டு, குறைந்தது 24 மணி நேரம் வைப்பார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, சாதாரணமாக வாசமும் தெரியாது. ஆளைக் கொல்லும். ஓசோன் படலத்தையும் கெடுக்கும். அதனால் 1987ன் மாண்ட்ரியல் உடன்பாட்டின் கீழ் மற்ற பயன்பாடுகளை நிறுத்திக்கொண்டே வந்து, தாவரத் தடுப்புக் காப்புக்கு, அதாவது சரக்கோடு பூச்சியும் நோயும் நாடு தாண்டாமல் தடுப்பதற்கு, மட்டும் விலக்கு வைத்திருக்கிறார்கள். குறுக்குவெட்டில் 20 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த மரத்துக்கு இந்த வாயு முறை செல்லாது. முடிந்த வரைக்கும் சூட்டு முறையையே கேளுங்கள் என்பேன். எம்பி என்று போட்ட பழைய பேலட்டை எடுத்துப்போய் வீட்டில் அலமாரி செய்பவர்களைப் பார்க்கிறேன். நானாக இருந்தால் ஹெச்டி போட்டதைத்தான் தொடுவேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2011ல் ஒரு நிறுவனத்தில் மாலை ஷிஃப்டுக்கு நான் பொறுப்பு. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் பெரிய பம்பு ஒன்று. பிளைவுட் பெட்டி, அடியில் முத்திரை குத்திய கட்டைக் கால்கள், எல்லாம் முறைப்படி இருந்தது. கன்டெய்னருக்குள் ஏற்றிய பிறகு பெட்டி லேசாக ஆடியது. லாரி ஓட்டுநர் வெளியே ஹாரன் அடிக்கிறார், அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை ஃபோன். அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவன் ஓடிப்போய், கழிவுக் குவியலிலிருந்து மூன்று துண்டு மரம் கொண்டுவந்து, ஆப்பு மாதிரி சீவி, பெட்டிக்கும் தரைக்கும் நடுவே அடித்து இறுக்கினான். ஆட்டம் நின்றது. நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். கதவை மூடி சீல் வைத்தார்கள்.

அந்த மூன்று துண்டில் ஒன்றில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை இருந்தது. பச்சை மரம். முத்திரை கிடையாது.

ஒரு மாதம் கழித்துப் படங்களோடு தகவல் வந்தது. அந்தப் பட்டையைப் பெயர்த்து எடுத்த படம். கீழே வாய்க்கால் வெட்டியது போல வளைந்து வளைந்து ஒரு பாதை, பாதை நெடுக மாவு, முடிவில் பால் நிறத்தில் ஒரு புழு, கடுகளவு தலையோடு. உயிரோடு இருந்திருக்கிறது. முழுக் கன்டெய்னரையும் அங்கேயே நிறுத்தி, மருந்தடித்து, மரத்தை அழித்து, அதற்கெல்லாம் பணம் கேட்டார்கள். பம்புக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர் அதற்குமேல் கேட்டார். நிறுவனத்துக்கு ஆன செலவு பெரியது.

யார் அந்தக் கட்டையை வைத்தது என்று கேட்டார்கள். தம்பி கையைத் தூக்கினான். "எனக்குத் தெரியாது சார், மரம்தானே" என்றான். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. பாதுகாப்புக் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும், விதிகள் ஆங்கிலத்தில் அச்சடித்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும், அந்த அலுவலகத்துக்குள் அவன் சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடத்தான் போவான். முட்டுக்கட்டைக்கும் முத்திரை வேண்டும் என்று ஒருவரும் ஒரு நாளும் அவனுக்குப் புரிகிற பாஷையில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். அந்த அறையில் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் வேலை முக்கியம், மூத்த மகள் அப்போது தொடக்கநிலை ஆறு. நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதத்தில் அவனுடைய பெர்மிட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் பாதிகூட அடையவில்லை என்று விமான நிலையத்துக்குப் போகும்போது சொன்னான். என் மேல் கோபமே இல்லாமல் சொன்னான். இன்றைக்கும் அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: இந்த விதி காகிதத்தில் மீறப்படுவதில்லை, சுத்தியல் முனையில்தான் மீறப்படுகிறது. காகித வேலை செய்பவர்களுக்கு எல்லாம் தெரியும். சுத்தியல் பிடிக்கும் கைக்குத் தெரிய வேண்டும், அதுவும் அந்தக் கைக்குச் சொந்தமான பாஷையில். நான் இதுவரை வேலை பார்த்த நான்கு இடத்திலும் இதைப் பற்றித் தமிழில் ஒரு தாள் பார்த்ததில்லை, வங்காளத்திலும் பார்த்ததில்லை. பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். கால் மணி நேரம் போதும். சேரும் முதல் நாளில், தலைக்கவசம் கொடுக்கும்போதே, ஒரு பேலட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம்.

என்ன சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஏனென்றால் எந்தத் தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதை வருடக்கணக்காகப் பார்க்கிறேன். பிளைவுட்டுக்கு முத்திரை வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பசையும் சூடும் அழுத்தமும் சேர்த்துச் செய்வதால் அதில் பூச்சி தங்காது. 6 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவான தடிமனும் உள்ள மரத்துக்கும் வேண்டாம். ஆனால் பிளைவுட் பெட்டிக்கு அடியில் இருக்கும் கட்டைக் கால் பிளைவுட் இல்லையே! அதற்கு வேண்டும். இதில்தான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள்.

அடுத்தது பழுது பார்ப்பது. ஒரு பேலட்டில் ஒரு பலகை உடைந்தால், முத்திரை ஏற்கெனவே இருக்கிறதே என்று கையில் கிடைத்த பலகையை அடித்துவிடுகிறார்கள். பதப்படுத்திய பலகைதான் போட வேண்டும், புதிதாகப் போட்ட ஒவ்வொரு பலகையிலும் தனியாக முத்திரை இருக்க வேண்டும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றிவிட்டால் அது பழைய பேலட்டே இல்லை. பழைய முத்திரைகளை அடையாளம் தெரியாமல் அழித்து, முழுசையும் மறுபடி பதப்படுத்தி, புதிதாக முத்திரை குத்த வேண்டும். அங்கீகாரம் பெற்றவர்கள்தான் குத்தலாம். பேனாவால் வரைந்தால் செல்லாது. ஒருமுறை கன்டெய்னர் புறப்படும் அவசரத்தில் ஒருவர் மார்க்கர் பேனாவால் கதிர் வரைந்துகொண்டிருந்தார், நன்றாகவே வரைந்திருந்தார், பிடுங்கி எறிந்தேன். சிவப்பும் ஆரஞ்சும் வேண்டாம் என்றும் விதி சொல்கிறது, அபாயச் சரக்கு ஒட்டுத்தாளோடு குழப்பம் வரும்.

பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அந்தப் புழு அங்கேதானே இருந்தது. துளைக்கும் பூச்சிகளில் பல பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள ஈரத்தில்தான் முட்டையிடும். அதனால் மரத்தை உரித்த பிறகுதான் பெட்டிக்கு எடுக்க வேண்டும். கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்: 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த அகலம் என்றால் நீளம் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை, அகலம் அதைத் தாண்டினால் அந்த ஒரு துண்டின் மொத்தப் பரப்பு 50 சதுர சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பையன்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். சட்டைப் பையில் 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டிய ஒரு பிளைவுட் துண்டு வைத்திருக்கிறேன். பட்டை மேல் வைப்பேன், துண்டுக்கு வெளியே பட்டை தெரிந்தால் சீவு. அவ்வளவுதான்.

இன்னொன்று, முத்திரைக்குக் காலாவதித் தேதி கிடையாது. மரத்தை மாற்றாத வரைக்கும், முத்திரை அழியாத வரைக்கும் செல்லும். அதே நேரம் சூடு மரத்துக்குள் மருந்து எதையும் விட்டுவைப்பதில்லை. மழையில் நனைந்து தரையில் கிடந்தால் பின்னால் கரையான் ஏறலாம். அதனால் முத்திரை உள்ள பேலட்டையும் யார்டில் மண்ணோடு மண்ணாகப் போட்டுவைக்காதீர்கள்.

சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் பழைய இயந்திரம், கடைச் சாமான் அனுப்பும் நம் சிறு வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தியா 2003ன் தாவரத் தடுப்புக் காப்பு ஆணையின் கீழ் இதைக் கேட்கிறது. தொழிற்சாலைக்கு வெளியே சும்மா கிடக்கிறதே என்று எடுத்த பேலட்டில் முத்திரை இருக்கிறதா, நடுவில் யாராவது முத்திரை இல்லாத பலகை அடித்திருக்கிறார்களா என்று குனிந்து நான்கு பக்கமும் பாருங்கள். எதிரெதிரான இரண்டு பக்கத்திலாவது இருப்பதுதான் முறை. அங்கே துறைமுகத்தில் பெட்டி நின்றால் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. நாள் வாடகைதான் ஏறும்.

இங்கே தாவர நலத்தைப் பார்த்துக்கொள்வது தேசியப் பூங்காக் கழகம். 2019 ஏப்ரலுக்கு முன்பு வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையத்திடம் இருந்தது. நான் அவர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பெட்டி அடிக்க அங்கீகாரம் கேட்டு வரும் நிறுவனத்திடம், வேலையாட்களுக்கு அவரவர் பாஷையில் சொல்லிக் கொடுத்தீர்களா என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். நிறுவன முதலாளிகளுக்கும் சொல்கிறேன், யார்டில் முத்திரை இல்லாத மரத்தை முத்திரை உள்ள மரத்தோடு கலந்து போடாமல் தனிக் குவியலாக, தூரத்தில் வையுங்கள். அவசரத்தில் ஓடுகிறவன் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுப்பான். 2011ல் அந்தக் கழிவுக் குவியல் கன்டெய்னரிலிருந்து பத்தடியில் இருந்தது. துவாஸில் 2022 செப்டம்பரில் புதிய துறைமுகம் முறைப்படி திறந்துவிட்டார்கள், நகரத்து முனையங்கள் எல்லாம் அங்கே மாறி வருகின்றன. கப்பல் பெருகும்போது பெட்டியும் பெருகும், புதுப் பையன்களும் வருவார்கள்.

திருவாரூர்ப் பையன் கேட்ட அன்று இரவே நான் ஒரு தாள் எழுதினேன். தமிழில், எட்டு வரி. மறுநாள் அவனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். "தொடர்ச்சியாக 30 நிமிடம்" என்று எழுதியிருந்தேன். "விடாம 30 நிமிஷம்னு போடுங்கண்ணே, அப்பத்தான் சட்டுனு பிடிபடும்" என்றான். மாற்றினேன். முட்டுக்கட்டை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு படம் போடச் சொன்னான், அதையும் அவனே வரைந்தான், என்னைவிட நன்றாக வருகிறது. இப்போது குடிதண்ணீர் எந்திரத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். எங்களோடு வேலை செய்யும் பங்ளாதேஷ் நண்பர் ஒருவர் அதை வங்காளத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். போன வாரம் பக்கத்து யார்டிலிருந்து இரண்டு பேர் வந்து அந்தத் தாளை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதன் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் ஆட்கள் ஆற அமர நாளிதழைப் பார்க்கும் நாள், விடுதிகளில் ஒரு பிரதி பத்துக் கை மாறும். முடிந்தால் அன்றைக்குப் போடுங்கள். வெட்டிச் சுவரில் ஒட்டுகிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். முத்திரையின் படம் கறுப்பு மையில் தெளிவாக விழ வேண்டும், சிவப்பில் வேண்டாம்.

இப்படிக்கு,
துவாஸ் மரப்பெட்டித் தொழிலாளி ஒருவர்
ஜூரோங் வெஸ்ட்